மேய்ச்சல் நிலத்தைக் காத்த பத்திரம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரை விட்டு வடக்கே கோல்டன் கேட் பாலத்தைக் கடந்ததும் தொடங்குவது மாரின் கவுண்டி. கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழும் பெருநகர்ப் பரப்பின் வாயிற்படியில் அமைந்திருந்தும், இக்கவுண்டியின் மேற்குப் பாதியில் காணக் கிடைப்பவை புல் போர்த்திய குன்றுகளும், அவற்றில் மேயும் கறவை மாடுகளும், பழைய மரக்கொட்டகைகளும், அவற்றிற்கப்பால் பசிபிக் பெருங்கடலுமே ஆகும்.

இந்நிலம் தானாகவே தப்பிப் பிழைத்தது என்று எண்ணுவோர் உளர். உண்மை வேறு. இக்குன்றுகளின்மேல் எழுப்பப்படவிருந்த நகரங்களுக்கு வரைபடம் தீட்டி, ஆட்சி மன்றத்தின் ஒப்புதலும் பெற்றுவிட்ட காலம் ஒன்று இருந்தது. அதனைத் தடுத்தவர்கள் யாவர், எவ்வழியில் தடுத்தனர், அவ்வழியின் பலமும் பலவீனமும் யாவை என்பனவற்றையே நாம் இக்கட்டுரையில் எழுதப் புகுந்தோம். ஒரு சொத்தை என்றென்றைக்கும் ஒரு நோக்கத்திற்காக நிறுத்திவைப்பது என்னும் கருத்து நம் ஜமாஅத் மக்களுக்குப் புதிதன்று. ஆதலின் இவ்வரலாறு அவர்தம் உள்ளத்திற்கு எளிதில் எட்டும் என நம்புகிறோம்.

வெண்ணெய் நாடு

இந்நிலத்தின் ஆதிக்குடிகள் கோஸ்ட் மிவோக் என்னும் பழங்குடி மக்கள். காலந்தோறும் புல்வெளிகளுக்குத் தீயிட்டு அவற்றைத் திறந்த வெளியாக வைத்திருந்தவர்கள் அவர்களே. ஸ்பானியப் பாதிரிமார்களின் மடங்களும், அவர்கள் கொணர்ந்த நோய்களும் அம்மக்களைச் சிதறடித்தன. பின்னர் மெக்சிகோ அரசு இந்நிலத்தைப் பெரும்பெரும் கொடைகளாகத் தன் ஆதரவாளர்களுக்குப் பிரித்தளித்தது. 1848இல் கலிஃபோர்னியா அமெரிக்காவின் கைக்கு மாறியது. அதே ஆண்டில் பொன் கண்டெடுக்கப்பட்டது. 1850இல் அது ஒரு மாநிலமாயிற்று. நிலத்தைக் காத்தவர்களின் பெருமை பேசும்போது, அந்நிலம் முதலில் எவ்வாறு கைமாறியது என்பதையும் மறத்தலாகாது. பிற்காலத்து உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டவர்கள் எவரும் மிவோக் மக்களிடமிருந்து அந்நிலத்தை விலைக்கு வாங்கியவர்களின் வழிவந்தவர்கள் அல்லர்.

பொன் தேடி வந்த கூட்டத்தால் சான் பிரான்சிஸ்கோ ஒரே இரவில் நகரமாயிற்று எனலாம். அந்நகரத்திற்கு வெண்ணெய் வேண்டியிருந்தது. கடல் மூடுபனியால் ஆண்டின் பெரும்பகுதி பசுமை மாறாத பாயிண்ட் ரேஸ் தீபகற்பத்தின் புல் அதற்கு விடையாயிற்று. ஷாஃப்டர் என்னும் வழக்கறிஞர் குடும்பத்தாரும் அவர்தம் உறவினரும் அத்தீபகற்பத்தின் பெரும்பகுதியைக் கைக்கொண்டு, பல பால்பண்ணைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டனர். அப்பண்ணைகள் பலவற்றிற்கு அவர்கள் ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ இடவில்லை. ஆங்கில அகரவரிசையின் எழுத்துகளையே பெயராக இட்டனர். அப்பெயர்களில் சில இன்றளவும் வழங்குகின்றன. 1860களில் கலிஃபோர்னியாவிலேயே மிகுதியாக வெண்ணெய் விளைந்தது மாரினில்தான். மரப்பெட்டிகளில் அடைத்த வெண்ணெய் பாய்மரப் படகுகளில் நகரத்திற்குச் சென்றது.

பண்ணைகளில் உழைத்தவர்கள் அயர்லாந்திலிருந்தும், சுவிட்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பகுதியிலிருந்தும், போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் வந்த ஏழை மக்கள். குத்தகைக்கு இருந்தவர்களின் பிள்ளைகள் நாளடைவில் நிலத்தைக் கிரயம் பெற்றனர். மூன்று நான்கு தலைமுறைகளாக ஒரே குடும்பம் ஒரே பண்ணையில் இருப்பது அங்கு வழக்கமாயிற்று. நிலம் அவர்களுக்கு வீடு, நிலமே சேமிப்பு, முதுமைக்கு நிலமே ஓய்வூதியம். இந்த மூன்றும் ஒன்றாக இருந்ததே பின்னாளில் அவர்களுக்கு நேர்ந்த இக்கட்டின் வேர்.

பாலம் வந்த பின்

1937ஆம் ஆண்டு மே மாதத்தில் கோல்டன் கேட் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை படகேறி வரவேண்டியிருந்த மாரின், நகரத்தில் வேலை பார்ப்போர் குடியிருப்பதற்கேற்ற இடமாயிற்று. 1940இல் ஏறத்தாழ 53 ஆயிரமாக இருந்த மக்கள் தொகை, 1970இல் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. கிழக்குப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி வீடுகள் நிறைந்தன. அடுத்து மேற்கு நோக்கிப் பரவுவதற்கு நிலம் காத்திருந்தது.

திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோல்டன் கேட்டை நோக்கிய கடற்குன்றுகளின்மேல் மாரின்செல்லோ என்னும் பெயரில் முப்பதாயிரம் பேருக்கு ஒரு புது நகரம் எழுப்பக் கட்டுமான அதிபர் ஒருவர், கல்ஃப் ஆயில் நிறுவனத்தின் பணபலத்தோடு 1964இல் முன்வந்தார். 1965இல் கவுண்டியின் ஆட்சி மன்றம் அதற்கு இசைவளித்தது. மேற்கு மாரினுக்கென 1967இல் உருவான பொதுத் திட்டமோ இன்னும் பெரிது. டொமாலஸ் குடாவைச் சுற்றி ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் குடியேறுவதாகவும், அவர்களுக்கென விரைவுச் சாலைகள் குன்றுகளை அறுத்துக்கொண்டு செல்வதாகவும் அது கனவு கண்டது.

அந்நாளில் பண்ணையாளர்களின் நிலை இரங்கத்தக்கது. பாலின் விலை ஏறவில்லை. தீவனத்தின் விலை ஏறியது. மாட்டுச்சாணம் ஓடைகளில் கலக்கலாகாது என்று புதிய விதிகள் வந்தன; அவற்றிற்கேற்பக் குட்டைகளும் கொட்டகைகளும் அமைக்கப் பெரும்பணம் தேவைப்பட்டது. நகரம் வரப்போகிறது என்ற பேச்சினால் நிலத்தின் மதிப்பு உயர, அம்மதிப்பின்மேல் வரியும் உயர்ந்தது. பால் கறந்து வந்த வருவாய் வீட்டுமனைக்குரிய வரியைக் கட்டப் போதவில்லை. இதனை உணர்ந்தே 1965இல் கலிஃபோர்னியா மாநிலம் வில்லியம்சன் சட்டம் எனப்படும் ஒன்றை இயற்றியது. பத்தாண்டுகளுக்கு நிலத்தை வேளாண்மையிலேயே வைத்திருப்பதாக உடன்படுவோர், நிலத்தின் சந்தை விலைக்கு வரி கட்டாமல் விளைச்சலுக்கேற்ற வரியைக் கட்டினால் போதும். நல்ல சட்டந்தான், ஆயினும் விலகிக்கொள்ள விரும்புவோருக்கு அது வழியை அடைக்கவில்லை. பால்பண்ணைகள் ஆண்டுதோறும் மூடப்பட்டு வந்தன.

எதிர்ப்பு மூன்று முனைகளில் எழுந்தது. முதலாவது, நடுவண் அரசே நிலத்தை வாங்குவது. 1962 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தால் பாயிண்ட் ரேஸ் தேசியக் கடற்கரைப் பூங்காவிற்கு வழி பிறந்தது. பண்ணையாளர்கள் தம் நிலத்தை அரசுக்கு விற்றுவிட்டு, அதே நிலத்தில் குத்தகையாளராகத் தொடர்ந்தனர். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். இறுதியில் மீண்டும் இதற்கு வருவோம்.

இரண்டாவது முனை நீதிமன்றம். மாரின்செல்லோவிற்கு அளித்த இசைவு முறையானதன்று என உள்ளூர் வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கில் அத்திட்டம் நிலைகுலைந்தது. 1972இல் அந்நிலம் ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாகப் பொதுமக்களின் பூங்காவாயிற்று.

மூன்றாவது முனை வாக்குச்சீட்டு. ஆட்சி மன்றத்தின் உறுப்பினர்கள் மாறினர். 1967ஆம் ஆண்டுத் திட்டம் 1971இல் கைவிடப்பட்டது. அடுத்து, மேற்கு மாரினின் வேளாண் நிலங்களில் அறுபது ஏக்கருக்கு ஒரு வீடு மட்டுமே எழுப்பலாம் என்னும் கட்டுப்பாடு வந்தது.

இக்கட்டுப்பாட்டைக் கேட்டுப் பண்ணையாளர்கள் பலர் கொதித்தெழுந்தனர். எங்கள் தலைமுறைகளின் சேமிப்பை ஒரு தீர்மானத்தால் பறித்துவிட்டீர்களே என்பது அவர்களின் முறையீடு. அதில் நியாயம் இல்லை என நாம் கூறமாட்டோம். நகரத்தில் சம்பளம் வாங்குபவர் மலையழகு கெடலாகாது என்பார். அம்மலையை வைத்திருப்பவரோ மகளின் திருமணத்திற்கும் மருத்துவச் செலவிற்கும் அதையே நம்பியிருப்பார். ஒருவரின் அழகுணர்ச்சிக்கு மற்றவர் விலை கொடுக்க வேண்டுமா? இக்கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. மேலும், ஆட்சி மன்றத்தின் ஐந்து உறுப்பினர்களில் மூவர் கை உயர்த்தி இயற்றிய கட்டுப்பாட்டை, பின்னொரு நாள் வேறு மூவர் கை உயர்த்தி நீக்கிவிடவும் கூடும்.

இரு பெண்மணிகள்

இவ்விடத்தில்தான் இரு பெண்மணிகள் வரலாற்றில் நுழைகின்றனர்.

எல்லன் ஸ்ட்ராஸ் ஆம்ஸ்டர்டாமில் 1927இல் பிறந்த யூதக் குடும்பத்துப் பெண். ஹிட்லரின் படை ஹாலந்தில் புகுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1940இல், பெற்றோருடன் தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். அவர் மணந்துகொண்ட பில் ஸ்ட்ராஸ் ஜெர்மனியிலிருந்து வந்தவர். டொமாலஸ் குடாவின் கீழ்க்கரையில் 1941இல் இருபத்து மூன்று ஜெர்சிப் பசுக்களோடு பால்பண்ணை தொடங்கியவர். அப்பசுக்களுக்கு அவர் தம் நண்பர் உறவினர்களின் மனைவியர் பெயர்களைச் சூட்டினார் என்பர். அப்பெண்மணிகள் அதனை எவ்வாறு ஏற்றுக்கொண்டனரோ, அறியோம். தம் நாட்டை இழந்து வந்த எல்லன், வந்து சேர்ந்த மண்ணில் ஆழ வேரூன்றினார். ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூலைப் படித்தபின் பூச்சிக்கொல்லிகள் பற்றியும் நீர் மாசு பற்றியும் அண்டைப் பண்ணையாளர்களிடம் வாதாடத் தொடங்கினார்.

மற்றவர் ஃபில்லிஸ் ஃபேபர். உயிரியல் அறிஞர்; கடலோரச் சதுப்பு நிலங்களின் தாவரங்களை ஆய்ந்தவர்; கடற்கரைப் பாதுகாப்பிற்கென வாக்காளர்கள் 1972இல் உருவாக்கிய ஆணைய அமைப்பில் பணியாற்றியவர். அந்நாளில் சூழலியலாரும் பண்ணையாளரும் எதிரெதிர் அணியினர். இவ்விருவரும் தத்தம் அணியில் நின்றுகொண்டே மற்ற அணியுடன் பேசக்கூடியவர்களாக இருந்தனர். பண்ணை அழிந்தால் அங்கு காடு வராது, வீடுதான் வரும் என்பதை ஃபேபர் தம் நண்பர்களுக்கு விளக்கினார். மலையழகைக் காப்போர் நம் பகைவர் அல்லர் என்பதை எல்லன் தம் அண்டை அயலாருக்கு எடுத்துரைத்தார். நிலத்தை நாம் வாங்கவும் வேண்டாம், அவர்களிடமிருந்து பறிக்கவும் வேண்டாம், அவர்கள் விட்டுக்கொடுக்கும் ஓர் உரிமைக்கு மட்டும் விலை கொடுப்போம் என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

1980இல் மாரின் வேளாண் நில அறக்கட்டளை பிறந்தது. வேளாண் நிலத்தைக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் அமைந்த முதல் நில அறக்கட்டளை இதுவே. நில அறக்கட்டளை என்னும் அமைப்பு அதற்கு முன்பும் அந்நாட்டில் இல்லாமல் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891இலேயே அழகிய இடங்களைக் காக்க ஓர் அமைப்பு தோன்றிவிட்டது. ஆனால் உழைப்பும் பிழைப்பும் நடக்கும் பண்ணையைப் பண்ணையாகவே காப்பது என்னும் நோக்கம் புதிது. நிர்வாகக் குழுவில் பண்ணையாளரும் சூழலியலாரும் அருகருகே அமர்ந்தனர். ரால்ஃப் கிராஸி என்னும் இளம் பண்ணையாளர் தொடக்க காலத்தில் அதன் தலைமையில் இருந்தார். பின்னர் நாடு தழுவிய வேளாண் நிலக் காப்பு அமைப்பொன்றை இருபதாண்டுகளுக்கு மேல் வழிநடத்தினார். எல்லன் 2002இல் மறைந்தார். ஃபேபர் தொண்ணூறு கடந்து வாழ்ந்து 2023இல் மறைந்தார்.

பத்திரத்தின் உட்பொருள்

நிலத்தின் உடைமை என்பது ஒரே உரிமை போலத் தோன்றினும், உண்மையில் அது பல உரிமைகளின் தொகுப்பு. உழும் உரிமை, மேய்க்கும் உரிமை, கிணறு தோண்டும் உரிமை, விற்கும் உரிமை, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் உரிமை, மனைகளாகப் பிரித்து வீடு கட்டும் உரிமை என அவை பலவாகும். இவற்றுள் கடைசியாகக் கூறியதை மட்டும் பண்ணையாளர் அறக்கட்டளைக்கு விற்றுவிடுகிறார். வாங்கிய அறக்கட்டளை அதனைப் பயன்படுத்துவதில்லை, பூட்டி வைக்கிறது. மற்ற உரிமைகள் யாவும் பண்ணையாளரிடமே இருக்கின்றன. அவர் விற்கலாம், அடகு வைக்கலாம், மரபுரிமையாக விட்டுச் செல்லலாம். ஆனால் யார் வாங்கினாலும் அந்நிபந்தனை நிலத்தோடு சேர்ந்தே செல்லும். நம் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் பழைய அடமானம் தெரிவது போல, அங்கும் பதிவேட்டில் இது தெரியும். நீக்கக் கூடாத வில்லங்கம் என்பதே வேறுபாடு.

வக்ஃபை அறிந்த நமக்கு இங்கு ஒரு வேற்றுமை புலப்படும். வக்ஃபு செய்யப்பட்ட சொத்து செய்தவரின் கையை விட்டே நீங்கிவிடுகிறது. இங்கோ சொத்து அவர் கையிலேயே இருக்கிறது. சொத்திலிருந்து ஒரு விரல் மட்டும் வெட்டப்பட்டு வேறொருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஆங்கிலேயரின் பழைய சட்ட மரபு, அண்டை நிலம் இல்லாத ஒருவர் பிறர் நிலத்தின்மேல் இத்தகைய முடிவற்ற உரிமை வைத்திருப்பதை விரும்பவில்லை. ஆதலின் மாநிலங்கள் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியா 1979இல் இயற்றியது. நாடு முழுவதற்குமான ஒரு மாதிரிச் சட்டம் 1981இல் வந்தது. தம் உரிமையை விலையின்றிக் கொடையாக அளிப்போர்க்கு நடுவண் அரசின் வருமான வரிச் சலுகை 1980இல் நிலைப்படுத்தப்பட்டது.

விலை எவ்வாறு கணிக்கப்படுகிறது? பேச்சுக்கு ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். நிபந்தனை ஏதுமின்றி விற்றால் அது சந்தையில் முப்பது இலட்சம் டாலர் பெறும் என்க. மனை போடலாகாது என்னும் நிபந்தனையோடு விற்றால் பதினெட்டு இலட்சமே பெறும் என்க. இடைப்பட்ட பன்னிரண்டு இலட்சமே அந்த உரிமையின் விலை. இரு மதிப்பையும் கணிப்பவர் இரு தரப்பையும் சாராத மதிப்பீட்டாளராக இருத்தல் வேண்டும்.

அப்பணம் பண்ணைக்கு என்ன செய்தது என்பதில்தான் இத்திட்டத்தின் உயிர் இருக்கிறது. தந்தை இறந்தபின் நான்கு பிள்ளைகள். ஒருவர் மட்டுமே மாடு மேய்க்க விரும்புகிறார். மற்ற மூவரும் தத்தம் பங்கைக் கேட்கின்றனர். பணமில்லாத அவர் என் செய்வார்? நிலத்தை விற்பதே வழி. அவ்வழியை இப்பணம் அடைத்தது. உடன்பிறந்தாருக்குப் பங்கு கொடுக்க முடிந்தது. வங்கிக் கடன் தீர்ந்தது. புது முயற்சிகளுக்கும் துணிவு வந்தது. நிலத்தின் மதிப்பு குறைந்ததால் மரணத்தின்பின் கட்ட வேண்டிய மரபுரிமை வரியும் குறைந்தது. ஸ்ட்ராஸ் தம்பதியரின் மகன் ஆல்பர்ட் 1990களின் நடுவில் தம் பண்ணையை இயற்கை வழிப் பால்பண்ணையாக மாற்றிச் சொந்தப் பாலகமும் தொடங்கினார். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அவ்வகையில் சான்றிதழ் பெற்ற முதல் பண்ணை அதுவே. ஜியாகோமினி என்னும் மற்றொரு குடும்பம் 2000ஆம் ஆண்டிலிருந்து நீலப் பாலாடைக்கட்டி செய்து விற்கலாயிற்று. பாலாக விற்றபோது கட்டுப்படியாகாதது பாலாடையாக விற்றபோது கட்டுப்படியாயிற்று.

பணம் வந்த வழி

உரிமையை விலைக்கு வாங்குவதென்றால் பணம் வேண்டும். தொடக்க நாட்களில் உதவிய ஊற்றுகளில் ஒன்று பெரில் பக் என்னும் அம்மையாரின் அறநிதி. இவ்வரலாறு நம்மவர் அறிந்துகொள்ளத் தக்கது என்பதால் சற்று விரித்துரைக்கிறோம். 1975இல் இறந்த அவ்வம்மையார், தம் எண்ணெய் நிறுவனப் பங்குகளை மாரின் கவுண்டி மக்களின் நலனுக்கே பயன்படுத்த வேண்டும் என உயில் எழுதி, சான் பிரான்சிஸ்கோவின் அறநிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார். அப்போது ஏறத்தாழ ஒரு கோடி டாலர் மதிப்புடையதாயிருந்த அப்பங்குகள், 1979இல் ஷெல் நிறுவனம் அந்த எண்ணெய் நிறுவனத்தை வாங்கியபோது இருபத்தைந்து கோடிக்கும் மேலாக உயர்ந்தன. செல்வம் மிகுந்த ஒரு கவுண்டிக்கு இவ்வளவு பெருந்தொகை எதற்கு, அண்டையிலுள்ள ஏழைப் பகுதிகளுக்கும் செலவிடலாமே எனப் பொறுப்பாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் கூறியதில் இரக்கம் இருந்தது. எனினும் கொடுத்தவரின் நிபந்தனையை மாற்ற நீதிமன்றம் 1986இல் இசையவில்லை. அறநிதி மாரினிலேயே அமைந்த புதிய நிறுவனத்தின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டது. கொடையாளி விதித்த நிபந்தனை பெரிதா, கண்ணெதிரே நிற்கும் தேவை பெரிதா என்னும் வழக்கு அந்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது.

1988இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட கடன்பத்திரத் திட்டத்தின் 77 கோடியே 60 இலட்சம் டாலரில் ஒன்றரைக் கோடி டாலர் மாரினின் வேளாண் நிலத்திற்கென ஒதுக்கப்பட்டது. 2012இல் கவுண்டி மக்கள் தாமே ஒரு சிறு விற்பனை வரியைத் தம்மேல் விதித்துக்கொண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கென வைத்தனர். தனியார் நன்கொடைகளும் குவிந்தன. இவ்வாறு ஐம்பதாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், அதாவது கவுண்டியின் தனியார் வேளாண் நிலத்தில் ஏறத்தாழப் பாதி, உடன்படிக்கையின்கீழ் வந்தது.

குறைகளும் ஐயங்களும்

புகழ்ந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்வது வரலாறாகாது. பொதுப்பணத்தால் காக்கப்பட்ட இந்நிலங்களில் பொதுமக்கள் கால்வைக்க உரிமையில்லை; அவை இன்னும் தனியார் பண்ணைகளே. சாலையிலிருந்து காண்பதற்கும், பாலும் இறைச்சியும் கிடைப்பதற்கும், நீரோடை கெடாமல் இருப்பதற்குமே மக்கள் பணம் கொடுத்தனர். வீடு கட்டுவதற்கான நிலம் சுருங்கியதும் சேர்ந்து, மாரின் அந்நாட்டிலேயே வீட்டு விலை மிகுந்த இடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. பால் கறக்கும் தொழிலாளிக்குத் தன் வருவாயில் அங்கு குடியிருக்க இடம் கிடைப்பது அரிது. இதற்கு அறக்கட்டளை ஒன்றே காரணம் எனக் கூறுவது மிகையாகும்; அதற்குப் பங்கே இல்லை எனக் கூறுவதும் பொருந்தாது.

மற்றொரு குறையை அறக்கட்டளையே காலப்போக்கில் உணர்ந்தது. கட்டுவதைத் தடுத்துவிட்டால் பண்ணை நிலைத்துவிடும் என முதலில் எண்ணினர். ஆனால் பெருஞ்செல்வர் ஒருவர் வந்து அந்நிலத்தை வாங்கி, மாடுகளை அனுப்பிவிட்டு, தம் ஓய்வு மாளிகைக்கு முன்னால் விரிந்த தோட்டமாக வைத்துக்கொண்டால் என்ன செய்வது? உடன்படிக்கை மீறப்படவில்லை, பண்ணை மட்டும் இல்லாமற் போகிறது. ஆதலின் பிற்காலத்து உடன்படிக்கைகளில் நிலத்தில் வேளாண்மை நடந்தே தீரவேண்டும் என்னும் நிபந்தனையும் சேர்க்கப்படலாயிற்று.

நிர்வாகக் குழுவில் பண்ணையாளர்களே அமர்ந்திருப்பது இவ்வமைப்பின் வலிமை எனக் கண்டோம். அதுவே கேள்விக்கும் இடமளித்தது. பொறுப்பில் இருப்போரின் குடும்பங்களும் பணம் பெறுவது முறையா என வினவப்பட்டது. ஒரு பண்ணைக்கான மானியத்தில், முன்பே செய்யப்பட்டிருந்த மற்றொரு மதிப்பீட்டைக் கவுண்டிக்குத் தெரிவிக்காதது வெளிப்பட்டதும், 2020இல் அறக்கட்டளை அத்தொகையைத் திருப்பிச் செலுத்தியது. 2022இல் விற்பனை வரி புதுப்பிக்கப்பட்டபோது வேளாண் நிலத்திற்கான பங்கு குறைக்கப்பட்டது. நாற்பதாண்டுகள் சேர்த்த நம்பிக்கையில் கீறல் விழ ஒரு கோப்பு போதுமானதாயிற்று. பொதுச்சொத்தின் கணக்கைக் கையில் வைத்திருப்போர் யாவரும் இதனை ஒருமுறைக்கு இருமுறை படித்தல் நலம்.

இப்போது பாயிண்ட் ரேஸுக்கு மீண்டும் வருவோம். அரசுக்கு நிலத்தை விற்றுக் குத்தகையாளரான பண்ணையாளர்களின் பிள்ளைகளும் பேரர்களும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறையோ, சில வேளை ஆண்டுக்கு ஒருமுறையோ குத்தகைப் புதுப்பிப்பை எதிர்நோக்கி வாழ்ந்தனர். டூலே எல்க் என்னும் பெருமான் கூட்டத்திற்கும் மாடுகளுக்கும் மேய்ச்சலில் போட்டி. ஓடை நீரின் தூய்மை குறித்து முறையீடு. 2022இல் சூழல் அமைப்புகள் மூன்று தொடுத்த வழக்கு. 2025 ஜனவரியில் ஓர் இணக்கம் அறிவிக்கப்பட்டது. அதன்படி அப்பூங்காவிலிருந்த பதினான்கு பண்ணைக் குத்தகையாளர்களில் பன்னிருவர் இழப்பீடு பெற்றுக்கொண்டு பதினைந்து மாதங்களுக்குள் மாடுகளோடு வெளியேற உடன்பட்டனர். தலைமுறைகளாக அங்கு உழைத்த, பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்கள் தம் குடியிருப்பை இழக்கும் நிலைக்கு ஆளாயின. அவர்களுக்கு நிலமும் இல்லை, குத்தகையும் இல்லை.

வழக்குத் தொடுத்தோர்க்கும் தம் நியாயம் உண்டு. அது தேசியப் பூங்கா, மக்கள் அனைவரின் நிலம், இயற்கைக்கே அங்கு முதலிடம் என்பது அவர்தம் வாதம். நாம் அதில் தீர்ப்புக் கூற வரவில்லை. நிலத்தை விற்றவர் கையில் எஞ்சியது குத்தகைச் சீட்டு. உரிமையில் ஒன்றை மட்டும் விற்றவர் கையில் எஞ்சியது நிலம். டொமாலஸ் குடாவின் அகலம் ஏறத்தாழ ஒரு மைல். மேல்கரையில் ஷாஃப்டர் குடும்பத்தார் எழுத்துகளால் பெயரிட்ட பண்ணைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கீழ்க்கரையில் உடன்படிக்கைக்குட்பட்ட பண்ணைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அறக்கட்டளையின் ஊழியர் வருகிறார். உரிமையாளருடன் வேலியோரமாக நடந்து, கொட்டகைகளை எண்ணி, நிழற்படம் எடுத்து, கோப்பில் சேர்த்துவிட்டுச் செல்கிறார்.